அமெரிக்கப் பப்ளிக் ஹெல்த் சர்வீஸில் யூனிஃபார்ம் நர்ஸாகச் சேரலாமா? வயது 41, குடும்பம் இருக்கிறது

கேட்டவர்: இரவு ஷிஃப்ட்

வணக்கம். டாலஸ் பக்கம் ஒரு மருத்துவமனையில் ஐ.சி.யூ. நர்ஸாக இருக்கிறேன். ஊரில் நர்சிங் டிப்ளமோ முடித்துவிட்டு வந்தவள். இங்கே ஆர்.என். உரிமம் வாங்கி, வேலை பார்த்துக்கொண்டே பி.எஸ்.என். என்ற நர்சிங் இளங்கலைப் பட்டத்தையும் முடித்தேன். போன வருடம் குடியுரிமை வந்தது.

சமீபத்தில் ஒரு நர்சிங் மாநாட்டில் காக்கி யூனிஃபார்ம் போட்ட இரண்டு பேர் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நேவி ஆட்கள் என்று நினைத்துத் தாண்டிப் போனவளைக் கூப்பிட்டுப் பேசினார்கள். நேவி இல்லையாம், யு.எஸ். பப்ளிக் ஹெல்த் சர்வீஸ் கமிஷன்டு கோராம். துப்பாக்கி கிடையாது, போருக்கான படை கிடையாது, ஆனால் ரேங்க், சம்பளம், பென்ஷன் எல்லாம் ராணுவக் கணக்கு. இத்தனை வருடம் இங்கே நர்ஸாக இருந்தும் இப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

வீட்டில் சொன்னதும் அத்தை (மாமியார், எங்களோடுதான் இருக்கிறார்) "இந்த வயசுல பட்டாளத்துக்கா?" என்று ஆரம்பித்துவிட்டார். கணவருக்கு ஐ.டி. வேலை, வாரத்தில் இரண்டு நாள் ஆபீஸ் போக வேண்டும். பிள்ளைகளுக்கு 13, 9 வயது.

நான் கேட்பது இதுதான். 41 வயதில் இது புத்திசாலித்தனமா? இப்போது நைட் டிஃபரன்ஷியல் (இரவு வேலைக்கான கூடுதல் படி), ஓவர்டைம் எல்லாம் சேர்த்துச் சம்பாதிப்பதைவிடக் குறையுமா? திடீரென்று எங்கேயாவது தூக்கிப் போட்டுவிடுவார்களா? துண்டுப் பிரசுரத்தில் இருப்பதை நானே படித்துவிட்டேன், உள்ளே இருப்பவர்கள் யாராவது நேராகச் சொல்லுங்கள்.

மணல்காட்டு மருந்தாளர்

நான் இதில்தான் இருக்கிறேன் அக்கா. மருந்தாளுநர். நியூ மெக்சிகோவில் ஐ.எச்.எஸ்., அதாவது அமெரிக்கப் பூர்வகுடி மக்களுக்கான இந்தியன் ஹெல்த் சர்வீஸ் மருத்துவமனை ஒன்றில் வேலை. கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் அத்தைக்கு. இந்த நாட்டில் யூனிஃபார்ம் சர்வீஸ் மொத்தம் எட்டு. ஆறு ஆயுதப் படைகள். மிச்சம் இரண்டு ஆயுதமில்லாதவை: வானிலை, கடல் ஆய்வு பார்க்கும் நோவா கோர் ஒன்று, நாங்கள் ஒன்று. எங்கள் மேலிடம் சுகாதாரத் துறை, தலைவர் சர்ஜன் ஜெனரல். முன்பு சர்ஜன் ஜெனரலாக இருந்த விவேக் மூர்த்தி டி.வி.யில் வெள்ளை யூனிஃபார்மில் வந்து பேசியதைப் பார்த்திருப்பீர்களே, அது எங்கள் யூனிஃபார்ம்தான். ரேங்க் பெயர்கள் மட்டும் நேவியிடமிருந்து வந்தவை. இதன் பூர்வீகம் 1798இல் நோயுற்ற மாலுமிகளுக்காகப் போட்ட சட்டம். துறைமுகம் துறைமுகமாக மாலுமி ஆஸ்பத்திரிகள், பிறகு காலரா, மஞ்சள் காய்ச்சல், குவாரன்டைன் என்று வேலை விரிந்துகொண்டே போனது. 1889இல் டாக்டர்களை ராணுவம் போல ரேங்க் கொடுத்து, எங்கே நோய் பரவினாலும் அனுப்பலாம் என்று சட்டமாக்கினார்கள். வெகு காலம் டாக்டர்களுக்குத்தான் முக்கிய இடம், நர்ஸ்களுக்கு 1944 சட்டத்துக்குப் பிறகுதான் கதவு திறந்தது. இன்று டாக்டர், பல் மருத்துவர், நர்ஸ், மருந்தாளுநர், டயட்டீஷியன், தெரபிஸ்ட், கால்நடை மருத்துவர், இன்ஜினியர் என்று பதினொரு பிரிவுகள்.

இனி உங்கள் விஷயம். பலருக்குப் புரியாத இடம் ஒன்று இருக்கிறது. கோரில் தேர்வாவது வேறு, வேலை கிடைப்பது வேறு. விண்ணப்பம் போட்டு, உடல் பரிசோதனை, பின்னணி விசாரணை, போர்டு எல்லாம் தாண்டி "நீங்கள் தகுதியானவர்" என்று வந்துவிட்டாலும் கையில் வேலை இல்லை. ஐ.எச்.எஸ்., மத்திய சிறைத் துறை, நோய்த் தடுப்புக்கான சி.டி.சி., உணவு, மருந்துக் கட்டுப்பாட்டுக்கான எஃப்.டி.ஏ., மருத்துவ ஆராய்ச்சிக்கான என்.ஐ.எச்., குடியேற்றத் தடுப்பு மையங்களின் மருத்துவப் பிரிவு என்று ஏதாவது ஒரு இடத்தில் காலியிடத்தை நீங்களே தேடி, இன்டர்வியூ கொடுத்து, அவர்கள் "இவர் எங்களுக்கு வேண்டும்" என்று சொன்ன பிறகுதான் பணிக்கு அழைப்பு வரும். அதனால் கோர் நல்லதா கெட்டதா என்று கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரியாது. எந்த ஏஜென்சி, எந்த ஊர், எந்த வார்டு என்று கேட்டால் சொல்லலாம். அன்றாட வாழ்க்கையைத் தீர்மானிப்பது அதுதான், தோளில் இருக்கும் பட்டை இல்லை.

நான் ஏன் இன்னும் இங்கேயே இருக்கிறேன் என்றால், வேலை. வெளியே சங்கிலிக் கடைகளில் மருந்தாளுநர் என்றால் கவுன்டருக்குப் பின்னால் நின்று, வண்டியில் வருகிறவர்களுக்குப் பை எடுத்துக் கொடுத்துக்கொண்டே, இன்சூரன்ஸ்காரரிடம் சண்டை போட வேண்டும். இங்கே நோயாளியை அறைக்குள் உட்கார வைத்துப் பேசுகிறேன். அவருடைய லேப் ரிசல்ட் என் திரையில் இருக்கும், ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மருந்தின் அளவை நெறிமுறைப்படி நானே மாற்றலாம். மருந்தாளுநர் படிப்பில் எல்லா இடத்திலும் சொல்லிக்கொடுக்கும் அந்த மூன்று கேள்விகள், "இந்த மருந்து எதற்கு என்று டாக்டர் சொன்னார்? எப்படிச் சாப்பிடச் சொன்னார்? சாப்பிட்டால் என்ன எதிர்பார்க்கலாம் என்று சொன்னார்?", ஐ.எச்.எஸ். மருந்தாளுநர்கள் உருவாக்கியவைதான். நர்ஸ்களுக்கும் இதே கதைதான். சின்ன ஆஸ்பத்திரியில் ஒரே ஆள் எமர்ஜென்சியும் பார்க்க வேண்டும், பிரசவத்துக்கும் ஓட வேண்டும், வீடு தேடிப் போய் சுகர் நோயாளியின் காலையும் பார்க்க வேண்டும். ஐ.சி.யூ.வில் எல்லா மெஷினும் பக்கத்திலேயே இருந்து பழகியவருக்கு முதலில் பயமாகத்தான் இருக்கும். சீரியஸ் கேஸ் என்றால் ஹெலிகாப்டர் வரவேண்டும், காற்று அடித்தால் ஹெலிகாப்டர் வராது.

ஊரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நவஹோ பூர்வகுடிகளின் பகுதி அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா என்று மூன்று மாநிலங்களில் பரந்து கிடக்கிறது. கேலப் மாதிரி ஊரில் கடை, பள்ளி எல்லாம் உண்டு. சின்லி மாதிரி ஊரில் குவார்ட்டர்ஸ், ஆஸ்பத்திரி, ஒரு சூப்பர் மார்க்கெட், அவ்வளவுதான். அங்கே உங்கள் கணவரின் வாரம் இரண்டு நாள் ஆபீஸ் நடக்காது. இன்னொன்று, மக்கள் உங்களை உடனே நம்பிவிட மாட்டார்கள். 1970களில் ஐ.எச்.எஸ். ஆஸ்பத்திரிகளில் பூர்வகுடிப் பெண்களுக்கு முறையான ஒப்புதல் வாங்காமல் கருத்தடை ஆபரேஷன் செய்ததெல்லாம் வயதானவர்களுக்கு இன்னும் நினைவிருக்கிறது. இரண்டு வருடத்தில் கிளம்பிவிடுகிற டாக்டரையும் நர்ஸையும் அவர்கள் நிறையப் பார்த்துவிட்டார்கள். "நீ எவ்வளவு நாள் இருப்பாய்?" என்பதுதான் என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

சம்பளம் பற்றி வேறு யாராவது எழுதுங்கள், எனக்கு ஷிஃப்ட் ஆரம்பிக்கிறது.

குறுக்குக்கேள்வி

சரி, சம்பளத்தை நான் எழுதுகிறேன். நான் கோரில் இல்லை. மத்திய சுகாதார ஏஜென்சி ஒன்றில் சிவிலியனாக இருந்தேன், பக்கத்து நாற்காலியில் அதே வேலையை யூனிஃபார்ம் போட்டுச் செய்தவர் உட்கார்ந்திருந்தார். அதனால் இரண்டு பக்கக் கணக்கும் தெரியும்.

ராணுவத்தின் அதே அட்டவணைதான். 2025 கணக்கில் ஓ-2 (அதிகாரிகளில் கீழிருந்து இரண்டாவது ரேங்க்) என்றால் அடிப்படைச் சம்பளம் மாதம் 4,600 டாலர் அளவு, ஓ-3 என்றால் 5,300க்குக் கொஞ்சம் மேல். இது இரண்டு வருடத்துக்குள் சர்வீஸ் உள்ளவருக்கு. இந்த இடத்தைக் கவனியுங்கள்: நீங்கள் எத்தனை வருடம் நர்ஸாக இருந்தீர்கள் என்பது எந்த ரேங்கில் எடுப்பார்கள் என்பதற்கு உதவும். ஆனால் அந்த ரேங்குக்குள் சம்பளப் படி ஏறுவது யூனிஃபார்மில் இருந்த வருடத்தை வைத்துத்தான். அதாவது 41 வயதில் புது ஆள் கணக்கு. இதற்கு மேல் வீட்டுப் படி. அது ஊரின் ஜிப் கோடையும் குடும்பம் இருக்கிறதா என்பதையும் பொறுத்தது, பெரிய நகரத்தில் நிறைய வரும், சின்ன ஊரில் குறையும். சாப்பாட்டுப் படி 2025இல் மாதம் 320 டாலர் அளவு. இந்த இரண்டு படிக்கும் வருமான வரி கிடையாது. நர்ஸ்களுக்குத் தனியாக ஸ்பெஷல் பே ஒப்பந்தங்களும் உண்டு, ஆனால் கையெழுத்துப் போட்டால் அத்தனை வருடம் இருக்க வேண்டும்.

ஓவர்டைம் என்ற சொல்லையே மறந்துவிடுங்கள். 24 மணி நேரமும் டியூட்டியில் இருப்பதாகத்தான் கணக்கு. நைட் டிஃபரன்ஷியலை நம்பி வீட்டுக் கடன் வாங்கியிருந்தால் முதல் வருடம் கையைக் கடிக்கும். எதிர்ப்பக்கம், குடும்பத்துக்கே டிரைகேர் மருத்துவக் காப்பீடு, பிரீமியம் கிடையாது. வருடத்துக்கு 30 நாள் விடுப்பு. இப்போது உங்கள் சம்பளத்திலிருந்து காப்பீட்டுக்கு எவ்வளவு பிடிக்கிறார்கள் என்று எடுத்துப் பாருங்கள், அப்போதுதான் நியாயமான ஒப்பீடு வரும்.

பென்ஷன் 20 வருடம் முடித்தால்தான். 19 வருடத்தில் போனால் சாதாரணமாக பென்ஷன் இல்லை, டி.எஸ்.பி. என்ற அரசு ஊழியர் ஓய்வுச் சேமிப்பு மட்டும் கையோடு வரும். 2018க்குப் பிறகு சேருபவர்களுக்கு வருடத்துக்கு 2 சதவீதம், ஆக 20 வருடத்துக்கு 40 சதவீதம். அதுவும் அடிப்படைச் சம்பளத்தில் மட்டும், படிகளைச் சேர்க்க மாட்டார்கள். டி.எஸ்.பி.யில் அரசு 1 சதவீதம் தானாகப் போடும், இரண்டு வருடம் கழித்து நீங்கள் போடுவதற்கு ஈடாக இன்னும் 4 வரை போடும். 42இல் சேர்ந்தால் 62இல் பென்ஷன். கட்டாய ஓய்வு வயது 64. ஆகக் கணக்கு பொருந்துகிறது, ஆனால் நடுவில் உடம்புக்கு முடியாமலோ குடும்பத்துக்காகவோ நின்றால் பென்ஷன் கைக்கு வராமல் போய்விடும். 28 வயதில் சேருகிற ஆளுக்கு இது தங்கமான ஏற்பாடு, உங்களுக்கு அந்த அளவுக்கு இல்லை, அதைத் தெரிந்துகொண்டு சேருங்கள்.

இனி யாரும் மேசை போட்டுச் சொல்லாத விஷயம். டெப்ளாய்மென்ட், அதாவது அவசரத்துக்கு வேறு இடத்துக்கு அனுப்புவது, என்றால் எல்லாரும் புயல், வெள்ளம் என்றுதான் சொல்வார்கள். கத்ரினா புயலுக்குப் போனார்கள், 2017இல் மரியா புயலுக்கு போர்ட்டோ ரிக்கோ போனார்கள், கோவிட் காலத்தில் போனார்கள், எல்லாம் சரி. ஆனால் எல்லையில் தனியாக வந்த குழந்தைகளை வைத்திருந்த முகாம்களுக்கும் அனுப்பினார்கள். குடியேற்றத் தடுப்பு மையங்களில் நிரந்தரப் பணியிடங்களே இருக்கின்றன. எந்த அரசு வந்தாலும் அதன் கொள்கைக்குக் கீழே இருப்பவர்களுக்கு மருந்து கொடுப்பது உங்கள் கையாக இருக்கும். "நான் இல்லாவிட்டால் அவர்களை யார் பார்ப்பார்கள்" என்று சிலருக்குத் தோன்றும், "இதற்கு நான் உடந்தையாக மாட்டேன்" என்று சிலருக்குத் தோன்றும். இரண்டு பேரையும் நான் மதிக்கிறேன், ஆனால் சேர்ந்த பிறகு யோசிக்கக் கூடாது. இதே பப்ளிக் ஹெல்த் சர்வீஸ்தான் 1932 முதல் 1972 வரை டஸ்கீகியில் சிபிலிஸ் நோயுள்ள கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சையே கொடுக்காமல் வேடிக்கை பார்த்தது. அதை வெளியே கொண்டுவந்த பீட்டர் பக்ஸ்டனும் இதே சர்வீஸின் ஊழியர்தான். யூனிஃபார்ம் பளபளப்பாக இருக்கிறது என்பதற்காக இந்தக் கதையைத் தாண்டிப் போக வேண்டாம்.

2025 ஏப்ரலில் சுகாதாரத் துறையில் நடந்த ஆட்குறைப்பையும் பார்த்திருப்பீர்கள். கோர் அதிகாரியின் நிலைமை சிவிலியனைவிடக் கொஞ்சம் மேல், பணியிடம் போனால் ரேங்க் போய்விடாது. ஆனால் வேறு இடம் தேடி ஓட வேண்டும், அது வேறு மாநிலமாக இருக்கலாம்.

பெட்டி படுக்கை

என் மனைவி இதில் பல் மருத்துவர். நான் பின்னாலேயே பெட்டி தூக்கிக்கொண்டு போகிறவன், பெயரிலேயே தெரியும்.

மேலே எழுதியவர் பயமுறுத்திவிட்டார் என்று நினைக்கிறேன். "தூக்கிப் போடுவார்களா" என்பதற்குப் பதில், பொதுவாக இல்லை. ராணுவத்தில் மாதிரி மூன்று வருடத்துக்கு ஒரு தடவை ஆர்டர் வந்து கிளம்பும் வழக்கம் இங்கே இல்லை. ஒரே ஊரில் பத்து வருடம் இருப்பவர்கள் உண்டு. ஆனால் பிரமோஷன் போர்டு பார்க்கும்போது இடம் மாறியிருக்கிறீர்களா, பொறுப்பு கூடியிருக்கிறதா, டெப்ளாய்மென்ட் போனீர்களா என்றெல்லாம் பார்க்கும். அதனால் யாரும் தள்ளாமலே நீங்களாக நகர்வீர்கள். நாங்கள் அப்படித்தான் நகர்ந்தோம். வேறு ஊருக்கு மாற்றினால் சாமான் ஏற்றிப் போகும் செலவு அரசுடையது, அதில் குறை சொல்ல மாட்டேன். குறை எனக்குத்தான், ஒவ்வொரு ஊரிலும் புதிதாக வேலை தேடுவது.

டெப்ளாய்மென்ட் வேறு விஷயம். அதற்கு மறுக்க முடியாது, அழைப்பு வந்தால் சீக்கிரம் கிளம்ப வேண்டும். பெரும்பாலும் சில வாரங்கள். எபோலா சமயத்தில் 2014இல் லைபீரியாவில் நோய் பிடித்த சுகாதாரப் பணியாளர்களுக்காகவே ஒரு மருத்துவ யூனிட் போட்டார்கள், மன்ரோவியா மெடிக்கல் யூனிட். கூடாரம் போட்டது ராணுவம், உள்ளே நோயாளியைப் பார்த்தது கோர் ஆட்கள். அந்த மாதிரி அழைப்பு வந்தால் வீட்டில் சமையல், பள்ளி, அத்தையின் டாக்டர் அப்பாயின்ட்மென்ட் எல்லாவற்றையும் உங்கள் கணவர் தனியாக நடத்த வேண்டும். அவரை உட்கார வைத்து இதைக் கேளுங்கள். "சமாளித்துக்கொள்ளலாம்" என்று சொன்னால் நம்பாதீர்கள், எப்படி என்று கேளுங்கள். எங்கள் வீட்டில் நான் சமாளித்துக்கொள்ளலாம் என்றுதான் சொன்னேன், முதல் வாரமே சின்னவனின் பள்ளியிலிருந்து போன் வந்துவிட்டது.

இரண்டு விஷயம் யாரும் சொல்லவில்லை. ஒன்று, அத்தைக்கு டிரைகேர் கிடையாது. மனைவி, கணவர், பிள்ளைகளுக்கு உண்டு, பெற்றோருக்கும் மாமனார் மாமியாருக்கும் இல்லை. இப்போது அவர் எந்தக் காப்பீட்டில் இருக்கிறாரோ அதைத் தனியாகத் தொடர வேண்டும். நீங்கள் குடிபெயரும் மாநிலத்தில் அது செல்லுமா என்று முதலில் பாருங்கள்.

இரண்டாவது, ஜி.ஐ. பில், அதாவது ராணுவத்தில் இருந்தவர்களுக்கான கல்வி உதவி. கோர் சர்வீஸும் அதில் சேரும், பிள்ளைகளுக்கு மாற்றிக் கொடுக்கலாம். மேசைக்காரர்கள் இதைப் பெரிதாகச் சொல்லியிருப்பார்கள். ஆறு வருடம் முடித்து, இன்னும் நான்கு வருடம் இருப்பேன் என்று எழுதிக் கொடுத்தால்தான் மாற்ற முடியும், அப்புறம் பிள்ளை அதைத் தொடுவதற்கு உங்களுக்குப் பத்து வருடம் சர்வீஸ் முடிந்திருக்க வேண்டும். 26 வயதுக்குள் பயன்படுத்தவும் வேண்டும். நீங்கள் ஒரு வருடத்தில் சேர்ந்தால் பத்து முடியும்போது பெரிய பிள்ளைக்கு 24, சின்னதுக்கு 20. ஆகப் பெரியவருக்குக் கல்லூரிப் பணம் இதிலிருந்து வரும் என்று கணக்குப் போடாதீர்கள்.

கடைசி வருஷம்

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் பிசியோதெரபி கடைசி வருட மாணவன், கிரீன் கார்டு. நானும் அப்ளை பண்ணலாமா? நேஷனல் ஹெல்த் சர்வீஸ் கோர் என்று ஒன்று பார்த்தேன், அதுவும் இதுவும் ஒன்றா?

மணல்காட்டு மருந்தாளர்

தம்பி, குடியுரிமை வேண்டும், கிரீன் கார்டு போதாது. இதில் விலக்கு இல்லை. குடியுரிமை வாங்கிவிட்டு வாருங்கள், உங்களுக்கு வயது இருக்கிறது. நீங்கள் பார்த்தது வேறு. அது யூனிஃபார்ம் இல்லாத திட்டம், டாக்டர் பற்றாக்குறை உள்ள இடத்தில் வேலை செய்தால் படிப்புக் கடனை அடைப்பது, உதவித்தொகை கொடுப்பது. அதற்கும் குடியுரிமை கேட்பார்கள். மாணவர்களாக இருக்கும் குடிமக்களுக்குக் கோரில் ஜூனியர், சீனியர் காஸ்டெப் என்று பயிற்சித் திட்டங்கள் உண்டு. விடுமுறையில் சம்பளத்தோடு வேலை செய்வது ஜூனியர். கடைசி வருடத்துக்குச் சம்பளம் கொடுத்து அதற்கு இரண்டு மடங்கு காலம் வேலை வாங்கிக்கொள்வது சீனியர். எல்லா வருடமும் எல்லாப் பிரிவுக்கும் இடம் இருக்காது. தங்கைக்கோ தோழிக்கோ பயன்படலாம் என்று சொல்லி வைக்கிறேன்.

இரவு ஷிஃப்ட்

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு விவரம் அந்த மேசையில் கிடைக்கவில்லை. ஜி.ஐ. பில் கணக்கைக் கணவரிடம் காட்டினேன், அவர் மனதுக்குள் பெரியவனுக்கு அதை வைத்தே கணக்குப் போட்டிருந்தாராம்.

இன்னும் சில சந்தேகங்கள். என் டிப்ளமோ ஊரில் வாங்கியது, பி.எஸ்.என். மட்டும் இங்கே. அது பிரச்சினையா? சேர 44 வயது வரம்பு என்று படித்தேன், அது அப்ளிகேஷன் போடும் தேதிக்கா? டெக்சாஸை விட்டுப் போகாமல் ஏதாவது வழி இருக்கிறதா? சிறை என்றால் எனக்குப் பயம் இல்லை. ஐ.சி.யூ.வில் கைவிலங்கோடு வந்த நோயாளிகளைப் பார்த்திருக்கிறேன், அவர்கள் வலியும் வலிதான். தடுப்பு மையம் பற்றிக் குறுக்குக்கேள்வி எழுதியதைத்தான் இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். விசாவுக்கு வரிசையில் நின்று வந்தவள் நான், அங்கே போய் நிற்க என்னால் முடியுமா என்று தெரியவில்லை.

மணல்காட்டு மருந்தாளர்

பி.எஸ்.என். கொடுத்த கல்லூரிக்கு சி.சி.என்.இ. அல்லது ஏ.சி.இ.என். அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள், அவர்கள் பார்ப்பது அதைத்தான். அனுபவத்தைப் பொறுத்தவரை அந்தப் பட்டத்துக்குப் பிறகு வேலை செய்த காலத்துக்குத்தான் அதிக மதிப்பு. அதனால் உங்கள் மொத்த அனுபவத்தையும் எண்ணி உயர்ந்த ரேங்க் எதிர்பார்க்காதீர்கள். ஓ-2 என்று வைத்துக் குடும்பக் கணக்கைப் போட்டுப் பாருங்கள், மேலே வந்தால் லாபம்.

வயது வரம்பு விண்ணப்பத் தேதிக்கு இல்லை, பணியில் சேரும் தேதிக்கு. 44ஆவது பிறந்தநாளுக்கு முன்னால் உள்ளே இருக்க வேண்டும். இந்த நடைமுறை மாதக்கணக்கில் இழுக்கும், ஒரு வருடத்தைத் தாண்டுவதும் உண்டு. ஆகச் சேருவதென்றால் இந்த வருடமே காகிதத்தை ஆரம்பியுங்கள், "பிள்ளை பள்ளி முடிக்கட்டும்" என்று தள்ளினால் கதவு மூடிவிடும். பின்னணி விசாரணையில் வெளிநாட்டு உறவினர், பயணம், சொத்து என்று கேட்டால் ஊரில் இருக்கும் நிலம், பேங்க் கணக்கு எல்லாவற்றையும் அப்படியே எழுதுங்கள். இருப்பது பிரச்சினை இல்லை, விட்டுப்போனால்தான் பிரச்சினை.

டெக்சாஸ் என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். ஃபோர்ட் வொர்த்தில் கார்ஸ்வெல் இருக்கிறது, மத்திய சிறைத் துறையின் பெண் கைதிகளுக்கான மருத்துவமனைச் சிறை. டாலஸிலிருந்து தினமும் போய் வரும் தூரம்தான். காலியிடம் எப்போது வரும் என்பது வேறு, ஆனால் அங்கே நர்சிங் பொறுப்பாளருக்கு எழுதிப் பார்ப்பதில் தவறில்லை. இன்னொரு லாபம், மத்திய அரசின் இடத்தில் வேலை செய்ய எந்த மாநில உரிமம் இருந்தாலும் போதும். நாளைக்கே அரிசோனா போனாலும் உங்கள் டெக்சாஸ் லைசென்ஸோடு வேலை செய்யலாம்.

தடுப்பு மையம் பற்றி: நிரந்தரப் பணியிடமாக அதை நீங்கள் தேர்ந்தெடுக்காவிட்டால் யாரும் திணிப்பதில்லை, நீங்கள் கேட்டு வாங்கும் இடம்தானே. டெப்ளாய்மென்டாக அனுப்ப மாட்டார்கள் என்று மட்டும் நான் சத்தியம் செய்ய மாட்டேன். அதில் குறுக்குக்கேள்வி சொன்னது சரி.

குறுக்குக்கேள்வி

ஒரு இடைவழி சொல்கிறேன். கார்ஸ்வெல் மாதிரி இடத்தில் இடம் கிடைத்தால் முதலில் சிவிலியன் நர்ஸாகவே சேருங்கள். ஓவர்டைம் உண்டு, டெப்ளாய்மென்ட் கிடையாது. அங்கே இருக்கும் யூனிஃபார்ம் நர்ஸ்களோடு வேலை செய்து பாருங்கள். பிடித்தால் அங்கிருந்தே கோருக்கு மாற விண்ணப்பிக்கலாம். உங்களுக்கு 44க்குள் கிடைக்கும் நேரம் குறைவு, அதனால் கோர் விண்ணப்பத்தையும் கூடவே ஓட விடுங்கள், எது முன்னால் வருகிறதோ பார்க்கலாம். கோர் அழைப்பு வந்தாலும் சேர வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, பதவிப் பிரமாணம் எடுக்கும் வரைக்கும்.

இரவு ஷிஃப்ட்

இது பிடித்திருக்கிறது. இரண்டையும் ஆரம்பிக்கிறேன். பட்டாளம் இல்லை என்று அத்தைக்கும் ஒருவழியாகப் புரிந்துவிட்டது, இப்போது அவர் கவலை அந்தக் காக்கி உடையில் பேன்ட் மட்டும்தானா, ஸ்கர்ட்டும் உண்டா என்பது. கடைசியாக ஒன்று, உடற்தகுதித் தேர்வு என்று படித்தேன். எனக்கு முட்டியில் வலி இருக்கிறது, ஓட முடியாது.

பெட்டி படுக்கை

ஸ்கர்ட்டும் உண்டு, என் மனைவி ஒரு தடவைகூடப் போட்டதில்லை. உடற்தகுதித் தேர்வு வருடத்துக்கு ஒரு முறை. புஷ்-அப் மாதிரி சில பயிற்சிகள், அப்புறம் ஒன்றரை மைல் ஓட்டம். ஓட்டத்துக்குப் பதிலாக நீச்சலை எடுத்துக்கொள்ளலாம், எங்கள் வீட்டில் அப்படித்தான். ஆனால் முட்டி வலியைச் சேரும்போது நடக்கும் மருத்துவப் பரிசோதனையில் தனியாகப் பார்ப்பார்கள். எம்.ஆர்.ஐ. ஏதாவது எடுத்திருந்தால் அந்த ரிப்போர்ட்டை இப்போதே வாங்கி வையுங்கள், பழைய ரெக்கார்டுக்காகத்தான் பல பேரின் ஃபைல் மாதக்கணக்கில் நிற்கிறது.